ராஜ்கட் டு தோரணா: ஒரே நாள்ல ரெண்டு கோட்டை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புனே வந்து ஒன்பது வருஷம் ஆச்சு, ராஜ்கட் கோட்டைலேர்ந்து தோரணா கோட்டைக்குப் போற இந்த மலை முகட்டு வழில நாலு தடவை போயிருக்கேன். மழை நின்னதும் வருஷா வருஷம் சென்னைலேர்ந்தும் கோயம்புத்தூர்லேர்ந்தும் ஃபோன் வரும், கேக்குறதும் அதே கேள்விதான். ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பி தொண்டை போச்சு, அதான் எழுதி வெச்சுட்டேன். கேள்வியெல்லாம் அவங்கவங்க கேட்ட மாதிரியே இருக்கு.

அண்ணா, ராய்கட்டா ராஜ்கட்டா? ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லப்பா, வேற வேற. சிவாஜி 1674-ல முடிசூட்டிக்கிட்டது ராய்கட், அது கொங்கண் பக்கம், ரோப்வே இருக்கு. நாம பேசுறது ராஜ்கட். அதுக்கு முன்னாடி இருபது வருஷத்துக்கு மேல அவருக்குத் தலைநகரா இருந்த இடம், புனேலேர்ந்து தெற்கே 60 கிலோமீட்டர் கிட்ட வரும். ரோப்வே எல்லாம் கிடையாது, நடந்துதான் ஏறணும். பேரைக் குழப்பிக்கிட்டு வண்டி புக் பண்ணி மலைக்கு அந்தப் பக்கம் போய் இறங்கினவங்களை எனக்குத் தெரியும்.

இது என்ன ரூட், சிம்பிளா சொல்லுங்க?

குஞ்சவணேன்னு ஒரு கிராமம். அங்கேர்ந்து ராஜ்கட் ஏறணும், கோட்டையோட மேற்கு வால் வழியா வெளிய வந்து, மலை முகட்டு மேலயே நடந்து தோரணா கோட்டைக்குள்ள பின்பக்கமா நுழையணும், அந்தப் பக்கம் வேல்ஹே ஊர்ல இறங்கணும். கோட்டைக்கும் கோட்டைக்கும் நடுவுல 12 கிலோமீட்டர் கிட்ட வரும், ஏறி இறங்குறதையும் சேர்த்தா 18லேர்ந்து 20 ஆயிடும்.

கிலோமீட்டரைப் பார்த்து "மெரினால நடக்குறதுதானே"ன்னு நினைக்காதீங்க. தோரணா உச்சி 1,403 மீட்டர், புனே மாவட்டத்துலயே உயரமான கோட்டை அதுதான். ராஜ்கட்டும் 1,300-க்கு மேல. ஒண்ணு ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கணும், மொத்தம் பத்துலேர்ந்து பன்னெண்டு மணி நேரம் கால் மேலதான் இருப்பீங்க.

நான் செஞ்சிக்கோட்டை ஏறியிருக்கேன், இது அந்த மாதிரிதானே?

செஞ்சில ராஜகிரி 240 மீட்டர் சொச்சம், உச்சி வரைக்கும் படி இருக்கு, ஏறிட்டு அதே வழியில இறங்கிடலாம். இங்க முதல் ஏத்தமே 600 மீட்டர் கிட்ட, அதுக்கப்புறம்தான் நிஜமான வேலையே ஆரம்பிக்குது. வெள்ளியங்கிரி போயிட்டு வந்தவங்களுக்கு உடம்பு ஓரளவுக்குத் தாங்கும். ஆனா வெள்ளியங்கிரில கூட்டம் இருக்கும், பாதை கேக்க வேண்டிய அவசியமே வராது. இங்க நடு முகட்டுல நீங்களும் காத்தும்தான்.

செஞ்சி பேச்சு வந்ததால ஒண்ணு சொல்லிடுறேன். சிவாஜியோட சின்ன மகன் ராஜாராம் 1670-ல பொறந்தது இந்த ராஜ்கட்லதான். பின்னாடி முகலாயர் துரத்தி துரத்தி அவர் கடைசியா வந்து உக்காந்தது எங்கன்னா நம்ம செஞ்சில, 1690லேர்ந்து 98 வரைக்கும் முற்றுகைக்குள்ள. 2025-ல யுனெஸ்கோ மராட்டிய ராணுவ நிலப்பரப்புன்னு 12 கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க, அதுல பதினொண்ணு மகாராஷ்டிரா, ஒண்ணே ஒண்ணு தமிழ்நாடு, அது செஞ்சி. ராஜ்கட்டும் அதே பட்டியல்ல இருக்கு. செஞ்சி ஏறிட்டு இங்க வர்றவங்க ஒரு ஆளோட கதையை கடைசிப் பக்கத்துலேர்ந்து படிச்சிட்டு வர்றாங்கன்னு வெச்சுக்கலாம். தோரணா பட்டியல்ல இல்ல, எனக்கு அதுல கொஞ்சம் வருத்தம்தான்.

எந்த மாசம் போறது?

அக்டோபர் நடுவுலேர்ந்து பிப்ரவரி நடு வரைக்கும். என்னைக் கேட்டா அக்டோபர் கடைசி. மழை நின்னிருக்கும், புல்லு இன்னும் காய்ஞ்சிருக்காது, சோன்கின்னு ஒரு மஞ்சப் பூ சரிவுல மிச்சம் மீதி இருக்கும், கோட்டைல இருக்குற டேங்குல, அதாவது பாறைத் தொட்டில, தண்ணியும் இருக்கும். டிசம்பர்ல காலைல நல்ல குளிர், நடக்க சுகம், ஆனா ஆறு மணிக்கே இருட்டிடும், அதுக்குத் தகுந்த மாதிரி கிளம்பணும்.

மார்ச்சுக்கு மேல வேண்டாம். முகட்டுல மரமே கிடையாது, காய்ஞ்ச புல்லும் கருங்கல்லும் சேர்ந்து தோசைக்கல்லு மாதிரி கொதிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கும் ராஜ்கட் மட்டும் போங்க, மேகம் கோட்டைக்குள்ளயே வந்து உக்காரும், அழகுதான். ஆனா முகட்டு வழியை மழையில நடக்காதீங்க. பனிமூட்டத்துல பத்தடிக்கு மேல தெரியாது, ரெண்டு பக்கமும் பள்ளம், மாட்டுத் தடமும் மனுஷத் தடமும் ஒரே மாதிரி இருக்கும்.

சரிவு முழுக்க முழங்கால் உயரத்துல, சில இடத்துல ஆள் உயரத்துல கூட, ஒரு புதர் இருக்கும், கார்வின்னு சொல்லுவாங்க. நம்ம குறிஞ்சியோட சொந்தக்காரச் செடி. குறிஞ்சி 12 வருஷம்னா இது ஏழெட்டு வருஷத்துக்கு ஒருமுறை கூட்டமா பூக்கும். எனக்கு இன்னும் அந்த அதிர்ஷ்டம் அடிக்கல.

புனேலேர்ந்து எப்படிப் போறது? சொந்த வண்டி எடுத்துட்டு வரலாமா?

பெங்களூர் ஹைவேல நஸ்ராபூர் வந்து மேற்கே திரும்பணும், மார்காசனி தாண்டுறப்போ ஒரு கிளை குஞ்சவணேக்கும் இன்னொண்ணு வேல்ஹேக்கும் போகும். சிக்கல் என்னன்னா ஆரம்பிக்கிற ஊரும் முடிக்கிற ஊரும் வேற. சொந்த கார்ல வந்து குஞ்சவணேல நிறுத்திட்டா, சாயங்காலம் வேல்ஹேல இறங்கி, கால் ரெண்டும் நடுங்க, "கார் எங்கடா"ன்னு நிக்கணும்.

நல்ல வழி ரெண்டு. ஒண்ணு, நாலஞ்சு பேர் சேர்ந்து டிரைவரோட வண்டி பேசி, விடியக்காலைல குஞ்சவணேல இறக்கிவிட்டு வேல்ஹேல வந்து நிக்கச் சொல்றது. ரெண்டாவது, சொந்த வண்டியை முந்தின நாள் சாயங்காலமே வேல்ஹேல விட்டுட்டு லோக்கல் ஜீப் பேசி குஞ்சவணே போய் அங்க ஏதாவது வீட்டுல படுக்குறது. ஊர்ல ராத்திரி சாப்பாடு கேட்டா செஞ்சு தருவாங்க, பிட்லா பாக்ரி. கடலமாவுக் கூழும் சோள ரொட்டியும்னு நினைச்சுக்கோங்க, பச்ச மிளகாய் தொக்கோட. முதல் தடவை "இது என்ன சாப்பாடு"ன்னு இருந்துச்சு, இப்போ அதுக்காகவே முந்தின நாள் போறேன்.

ஏன் ராஜ்கட்லேர்ந்து ஆரம்பிக்கணும்? தோரணாலேர்ந்து வரக்கூடாதா?

வரலாம், நிறைய பேர் வர்றாங்க. எனக்கு ராஜ்கட்லேர்ந்துதான் சரின்னு படுது, காரணம் ரெண்டு. குஞ்சவணே ஏத்தத்துல பாதி தூரம் காடு, இருட்டுல ஆரம்பிச்சா வேர்வை அதிகம் போகாது. அப்புறம் வேல்ஹே தாலுகா ஊர், கடை, வண்டி, ஆஸ்பத்திரின்னு ஏதோ ஒண்ணு இருக்கும், களைச்சுப் போய் இறங்குறதுக்கு அதுதான் நல்லது. ஒரே குறை, தோரணாவோட கடைசி ஏத்தம் உச்சி வெயில்ல வந்து விழும். அது எப்படின்னு கீழ சொல்றேன்.

சோர் தர்வாஜான்னா திருட்டு வாசலா? அது வழியா போகலாமா?

ஆமா, திருட்டு வாசல்தான். குஞ்சவணே பாதை அதுலதான் போய் முடியும். காடு தாண்டினதும் செங்குத்தா ஒரு பாறைச் சரிவு, கம்பி பிடி போட்டிருக்காங்க, கடைசில சுவத்துல ஒரு ஓட்டை மாதிரி வாசல். முதுகுல பை இருந்தா குனிஞ்சு, பையைக் கொஞ்சம் தட்டிவிட்டு உள்ள போகணும். அஞ்சு பேர் நின்னாலே வழி அடைச்சுக்கும், அந்தக் காலத்துல ஒரு படையை நிறுத்த ரெண்டு ஆள் போதும்னு அங்க குனியறப்போ புரிஞ்சிடும். உள்ள நுழைஞ்சதும் நேரா பத்மாவதி குளம், அந்த நேரத்துக்கு சூரியனும் வந்துடும்.

உயரம் பயம் இருக்குறவங்க பாலி தர்வாஜா வழியா ஏறலாம், அது ராஜபாட்டை, அகலமான படி. ஆனா அடிவாரம் வேற பக்கம், அதை டிரைவர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க.

அவ்வளவு கஷ்டப்பட்டு போனா வெறும் கல்லுதான் இருக்காம், உண்மையா?

அரண்மனை எதிர்பார்த்தா ஏமாறுவீங்க. மேல பாலேகில்லால, அதாவது உச்சிக் கோட்டைல, அரண்மனை இருந்த இடத்துல இப்போ அஸ்திவாரக் கல்லு மட்டும்தான். 1704-ல முகலாயர் ரெண்டு கோட்டையையும் பிடிச்சாங்க, அப்புறம் கை மாறி கை மாறி, 1818-க்கு அப்புறம் வெள்ளைக்காரன் மலைக்கோட்டையெல்லாம் மறுபடி எவனும் பயன்படுத்தக் கூடாதுன்னு பல இடத்துல பாதையையும் வாசலையும் உடைச்சான். மிச்சத்தை மழை பாத்துக்கிச்சு.

ஆனா சுவரைப் பாருங்க. மலையோட ஒவ்வொரு கையும் நீட்டிக்கிட்டு இருக்குற இடத்தை மாச்சின்னு சொல்லுவாங்க, ராஜ்கட்டுக்கு மூணு மாச்சி: பத்மாவதி, சுவேளா, சஞ்சீவனி. சஞ்சீவனி மாச்சி ரெண்டு கிலோமீட்டருக்கு மேல ஒல்லியா பாம்பு மாதிரி மேற்கே இறங்கும், அதுல சுவர் ரெட்டைச் சுவர். வெளிச் சுவருக்கும் உள் சுவருக்கும் நடுவுல ஒரு ஆள் போற சந்து, வெளிய உடைச்சிக்கிட்டு வந்தாலும் எதிரி அந்தச் சந்துல மாட்டிக்குவான், மேலேர்ந்து அடிக்கலாம். புருஜுக்குள்ள, அதாவது கொத்தளத்துக்குள்ள, இருட்டுல இறங்குற படி, சுவத்தோட சேர்த்தே கட்டின கழிப்பறை, மழைத்தண்ணி பிடிக்கப் பாறையில வெட்டின தொட்டி. டார்ச் அடிச்சிட்டு ஒரு படியில இறங்கிப் பாருங்க, காவல் நின்னவன் ராத்திரி எப்படி இருந்திருப்பான்னு அரண்மனைத் தூணைவிட அதுதான் சொல்லும்.

பாலேகில்லா ஏறணுமா, ஸ்கிப் பண்ணலாமா?

போய் வர ஒரு மணி நேரம் ஆகும், செங்குத்துப் பாறை, கம்பி இருக்கு. ஏழரைக்குள்ள பத்மாவதி மாச்சி வந்துட்டா ஏறுங்க, எட்டு தாண்டிடுச்சுன்னா விட்டுடுங்க. இதுல மனசு வராம ஏறிட்டுதான் முக்கால்வாசி பேர் சாயங்காலம் இருட்டுல மாட்டுறாங்க. நானும் முதல் தடவை அந்தக் கூட்டம்தான்.

நடு முகட்டுல தண்ணி கிடைக்குமா?

கிடைக்கும்னு நம்பிப் போகாதீங்க. நாலு லிட்டர் ஆளுக்கு, இதுல பேரமே கிடையாது. ராஜ்கட்ல டேங்குத் தண்ணி இருக்கு, அங்க ஃபுல் பண்ணிக்கோங்க, வடிகட்டியோ மாத்திரையோ வெச்சுக்கிறது நல்லது. முகட்டுல ஆடு மாடு மேய்க்கிறவங்க குடிசை ரெண்டு மூணு வரும், சனி ஞாயிறுன்னா மோரும் எலுமிச்சை சர்பத்தும் விப்பாங்க. இருந்தா லாபம், இல்லன்னா இல்ல.

முதல் தடவை ரெண்டு லிட்டரோட போனேன். பதினொன்றரைக்கு பாட்டில் காலி. குடிசை வாசல்ல ஒரு பாட்டி இருந்தாங்க, மோர் தந்தாங்க, தோரணா எவ்வளவு தூரம்னு கேட்டேன். "ஜவளச் ஆஹே"ன்னாங்க, பக்கத்துலதான்னு அர்த்தம். கையைக் காட்டினாங்க, கோட்டையும் தெரிஞ்சது. ரெண்டரை மணி நேரம் ஆச்சு அந்தப் பக்கத்துக்கு. அந்தப் பாட்டி பொய் சொல்லல, அவங்களுக்கு அது பக்கம்தான்.

டைம் கணக்கு சொல்லுங்க, எத்தனை மணிக்கு எங்க இருக்கணும்?

அஞ்சு மணிக்கு குஞ்சவணேல நடக்க ஆரம்பிக்கணும், அஞ்சுன்னா அஞ்சு, டீ குடிச்சிட்டு அஞ்சேமுக்கால் இல்ல. ஏழரை பத்மாவதி மாச்சி. ஒன்பதரைக்குள்ள சஞ்சீவனி மாச்சி முனையில ஆளு தர்வாஜா தாண்டி வெளிய வந்துடணும். அங்கேர்ந்து இறக்கம், சரளைக்கல்லு, பாத்து. பதினொன்றரை பன்னெண்டுக்கு முகட்டை ஒரு தார் ரோடு வெட்டிட்டுப் போற கணவாய் வரும், வேல்ஹேலேர்ந்து பூதோண்டே பக்கம் போற ரோடு. ரெண்டரைக்கு தோரணாவோட புத்லா மாச்சி, மூணரைக்கு மேங்காய் தேவி கோவில், அங்க அரை மணி உக்காந்துட்டு பினி தர்வாஜா வழியா இறங்கினா ஆறு மணிக்குள்ள வேல்ஹே.

இந்தக் கணக்குல நான் கண்டிப்பா இருக்குறது ஒரே ஒரு இடத்துல, அது அந்த ரோடு. ஒரு மணிக்கு மேல அங்க வந்தா மேல ஏறாதீங்க. ஏன்னு கீழ "பாதியில முடியலன்னா" கேள்வில சொல்லியிருக்கேன்.

புத்லா மாச்சில ஏணி இருக்காமே, பயமா இருக்கு?

இருக்கு, இரும்பு ஏணி, பாறையோட சேர்த்துக் கட்டினது. உயரம் பெருசு இல்ல, ஏணியைவிட அதுக்கு முன்னாடி வர்ற ஒடுக்கமான பாதைதான் எனக்கு எப்பவும் உறுத்தல். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒண்ணுமே இல்ல, காலுக்கடியில உருள்ற கல்லு. ஒவ்வொரு ஆளா, முன்னாடி போறவர் மேல ஏறி நின்னதுக்கப்புறம்தான் அடுத்தவர். செல்ஃபி ஸ்டிக்கை பைக்குள்ள போட்டுட்டு ரெண்டு கையையும் ஃப்ரீயா வெச்சுக்கோங்க. உயரம் நிஜமாவே ஒத்துக்காதவங்க ராஜ்கட் மட்டும் பாலி தர்வாஜா வழியா போயிட்டு வாங்க, அதுவே ஒரு முழு நாள், குறைச்சல் ஒண்ணும் இல்ல.

என்ன ஷூ, என்ன எடுத்துட்டுப் போகணும்?

நல்லா பிடிக்கிற அடி இருக்குற ட்ரெக்கிங் ஷூ, புதுசா வாங்கி அன்னிக்கே போடாதீங்க. ஜிம் ஷூ ஆளு தர்வாஜா இறக்கத்துலயே உக்கார வெச்சுடும். ஹெட்லேம்ப் ஆளுக்கு ஒண்ணு, ஃபோன் டார்ச் கணக்குல சேராது. தொப்பி, முழுக்கை சட்டை, ஓஆர்எஸ் நாலு பாக்கெட், க்ரேப் பேண்டேஜ். சாப்பாட்டுக்கு சப்பாத்தி ரோல், எலுமிச்சை சாதம், பேரீச்சம்பழம், கடலை உருண்டை. தயிர்சாதம் எடுத்துட்டு வந்த நண்பர் ஒருத்தர் மத்தியானம் அதை வெறும் வயித்தோட தூரப்போட்டார்.

சென்ட் அடிச்சிட்டு வராதீங்க. பாறைல பெரிய தேன்கூடு தொங்கும், சென்ட்டும் புகையும் சத்தமும் அதுங்களுக்கு ஆகாது. ராஜ்கட்ல குரங்கும் இருக்கு, பிளாஸ்டிக் கவர் சத்தம் கேட்டா போதும்.

ட்ரெக் குரூப்போட போகலாமா, நாமளே போகலாமா?

முதல் தடவைன்னா பாதை தெரிஞ்ச ஒருத்தர் வேணும். குஞ்சவணேல, வேல்ஹேல ஊர்ப் பசங்க வழிகாட்டியா வருவாங்க, நாலு பேருக்கு ஒருத்தர்னு கூட்டிட்டுப் போனா அதைவிட நல்லது இல்ல. குரூப்பா போறதுல ஒண்ணே ஒண்ணு கேளுங்க: எத்தனை பேர், எத்தனை லீடர்? ஒரு தடவை நான் போன குரூப்ல அறுபது பேருக்கு ரெண்டு லீடர், ஒருத்தர் முன்னாடி ஓடிட்டார், பின்னாடி இருந்தவர் கால் சுளுக்கின பொண்ணோட நின்னுட்டார், நடுவுல ஐம்பது பேர் மாட்டுத் தடத்தைப் பிடிச்சு தப்பான சரிவுல இறங்கினோம். மறுபடி முகட்டுக்கு ஏற ஒன்றரை மணி நேரம்.

தனியா போறதைப் பத்தி கேக்குறவங்களுக்கு: ராஜ்கட் தனியா ஓகே, முகட்டு வழி வேண்டாம். சிக்னல் வரும், போகும். அவசரத்துக்கு 112 அடிக்கக் கூட கொஞ்சமாவது சிக்னல் வேணுமே.

மராட்டி தெரியாது, இந்தி அரைகுறை, சமாளிக்கலாமா?

தாராளமா. பெரியவங்களைப் பார்த்தா "ராம் ராம்" சொல்லுங்க, ஆம்பளைன்னா காகா, பொம்பளைன்னா மாவ்ஷி. "தோரணாச்சி வாட் குட்டே?"ன்னா தோரணா வழி எங்கன்னு அர்த்தம். பாணின்னா தண்ணி. "எவ்வளவு தூரம்"னு மட்டும் கேக்காதீங்க, பதில் என்னன்னு மேலயே பார்த்தாச்சு.

சின்னப் பசங்க, அம்மா அப்பா கூட வரலாமா?

ராஜ்கட்டுக்கு வரலாம், பாலி பாதைல நிதானமா. முகட்டு வழிக்கு வேண்டாம். "என் பையன் ஃபுட்பால் ஆடுவான்"னு சொல்றாங்க, ஆடட்டும். பன்னெண்டு வயசுப் பையன் எட்டாவது மணி நேரத்துல "முடியல"ன்னா தூக்கிட்டு எந்தப் பக்கம் போவீங்க?

பாதியில முடியலன்னா என்ன பண்றது?

இதைத்தான் எல்லாரும் முதல்ல கேக்கணும், யாரும் கேக்குறதில்ல. இந்த வழியில வெளியேற மூணு இடம்தான். ஒண்ணு, ராஜ்கட்லயே திரும்பிடுறது. பாலி தர்வாஜா வழியா இறங்கலாம், அவமானமே இல்ல, மூணு மாச்சியும் பார்க்க அன்னிக்கு நேரம் கிடைக்கும். ரெண்டு, மேல சொன்ன அந்த தார் ரோடு. டிரைவர் நம்பர் இருந்தா அங்க வரச் சொல்லலாம், இல்லன்னா வேல்ஹே பக்கம் ரோட்டோட நடந்தா எந்த வண்டியாவது வரும். மூணு, தோரணா மேல போய் இறங்குறது, அது வெளியேறுறது இல்ல, ட்ரெக்கோட முடிவு.

ரோட்டைத் தாண்டிட்டா அடுத்த மூணு மணி நேரத்துக்கு சைடுல இறங்க நல்ல வழி கிடையாது. குறுக்கால இறங்குற தடம் தெரியும், கீழ ஊர் கூடத் தெரியும், ஆனா பாதி சரிவுல பாறை வெட்டுல போய் நிக்கும். அதனால அந்த ரோட்டுல உக்காந்து ஆளாளுக்கு ரெண்டு விஷயம் சொல்லணும்: பாட்டில்ல எவ்வளவு தண்ணி மிச்சம், தொடை பிடிக்குதா இல்லையா. ஒருத்தருக்கு ஒன்றரை லிட்டர் இல்லன்னாலோ, தொடை பிடிச்சிருந்தாலோ, மொத்த கூட்டமும் அங்கேயே முடிச்சுக்கணும். பாதிப் பேர் போய் பாதிப் பேர் நிக்குறது வேண்டாம். மூணாவது தடவை நாங்க அப்படித்தான் முடிச்சோம், ஒரு பால் வண்டில வேல்ஹே வந்தோம்.

இருட்டிடுச்சுன்னா தோரணா மேல படுத்துக்கலாமா?

முன்னாடியெல்லாம் மேங்காய் கோவில்ல படுப்பாங்க. தங்குறதுக்கான விதி அப்பப்போ மாறுது, அதனால கிளம்புறதுக்கு முன்னாடி ஊர்ல கேட்டுக்கோங்க, அதை பிளானாவே வெச்சுக்காதீங்க. பினி தர்வாஜாலேர்ந்து இறங்குற பாறைல கம்பி இருக்கு, வெளிச்சத்துல ஒண்ணும் இல்ல, இருட்டுல முழங்கால் நடுங்குற நேரத்துல ஒரு ஆள் தவறினா போதும். இருட்டிட்டா ஹெட்லேம்போட, கம்பியைப் பிடிச்சிட்டு, உக்காந்து உக்காந்து இறங்குங்க, பேன்ட் போனா போகட்டும். நான் முதல் தடவை எட்டேகாலுக்கு வேல்ஹே வந்தேன், பேன்ட் போச்சு.

கடைசியா ஒண்ணு, ஞாயித்துக்கிழமை போனா திங்கக்கிழமை ஆபீஸ் போக முடியுமா?

போகலாம், லிஃப்ட் இருந்தா. ஏறினது வலிக்காது, இறங்கினதுதான் தொடை முன்பக்கம் ரெண்டு நாள் பேசும். ராத்திரி வெந்நீர் ஊத்திக்கிட்டு, உப்பும் தண்ணியும் நல்லா எடுத்துக்கிட்டு, காலை சுவத்துல தூக்கி வெச்சு பத்து நிமிஷம் படுங்க. முடிஞ்சா சனிக்கிழமையே போங்க. கூட்டமும் கொஞ்சம் குறைவு, குடிசைப் பாட்டிகிட்ட மோரும் தீர்ந்திருக்காது.